உனக்கு எல்லாம் பார்த்ததுதானே

சைகோனுக்கு நாங்கள் குடிவந்து நாலு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. என் கணவருக்குத் தோல் தொழில். ராணிப்பேட்டையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, இங்கே நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு ஷூ தொழிற்சாலைக்கு வந்திருந்தார். வருகிற தோலைத் தொட்டுப் பார்த்து, தேறும் தேறாது என்று பிரிக்கிற வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி வேன் கீழே வந்து நிற்கும். அவர் திரும்பும்போது நன்றாக இருட்டியிருக்கும். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். மற்ற நேரமெல்லாம் எட்டாவது மாடி வீட்டில் நான் மட்டும்.

பகலில் தமிழ் பேச ஆள் கிடையாது. சாயங்காலம் அவர் வந்து ஏதாவது கேட்டால், பதில் சொல்லும்போது என் முதல் வார்த்தை தொண்டையில் சிக்கும். "சளி பிடிச்சிருக்கா?" என்பார். சளியெல்லாம் இல்லை. அன்றைக்கு நான் பேசும் முதல் பேச்சே அதுதான். அதை அவரிடம் சொன்னதில்லை. காலெல்லாம் நோக நின்றுவிட்டு வருகிற மனிதரிடம் இதைப் போய் என்னவென்று சொல்வது?

கொஞ்சம் வியட்நாமிய வார்த்தைகள் கற்றுக்கொண்டிருந்தேன். விலை கேட்கத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும், எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லத் தெரியும். மார்க்கெட்டில் கீரை விற்கிற பெண் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அதற்கு மேல் போக எங்கள் இருவரிடமும் வார்த்தை கிடையாது.

அப்போதுதான் வாட்ஸாப்பில் அந்தச் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு பத்தாவது படித்தவர்களின் குழு அது. காலை வணக்கமும் பூப்படமும் தவிர அதில் அதிகம் எதுவும் வராது. அன்றைக்கு, வங்கியில் மேனேஜராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட தோழி எழுதியிருந்தாள். வகுப்பில் லீடராக இருந்தவள், இப்போதும் அவள்தான் லீடர். ஐம்பது வயது ஆகிறது, வெளிநாடு ஒன்று பார்த்துவிடலாம், கணவன், பிள்ளை யாரும் வேண்டாம், நாம் மட்டும் போகலாம், வியட்நாம் போகலாம் என்று எழுதிவிட்டு என் பெயரைப் போட்டு, "சைகோன்ல நம்ம ஆளே ஒருத்தி இருக்கா, நமக்கென்ன கவலை! பிளான் நீதான்டி போடணும். ஓட ஓட விரட்டாம, நிதானமா, நம்ம வயசுக்கு ஏத்த மாதிரி போட்டுக் குடு" என்று முடித்திருந்தாள்.

நம்ம ஆள் என்ற வார்த்தையை அன்று எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கணவர் வந்ததும் கதவைத் திறந்தபடியே சொன்னேன். "அட, பரவாயில்லையே! நல்லா சுத்திட்டு வா" என்றார். நான் அவர்களோடு போகிறேன் என்றுதான் அவரும் எடுத்துக்கொண்டார். இதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

வருவதாகச் சொன்னவர்கள் நாலு பேர். மேனேஜர், அவளுடைய தங்கை, அரசுப் பள்ளியில் டீச்சராக இருக்கும் இன்னொரு தோழி, அப்புறம் ஆறாவது முதல் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கணவர் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் இங்கே இருந்ததால் போக முடியவில்லை. போனில் விசாரித்ததோடு சரி. அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். நாலு வருஷமாக அந்த ஊரில் இருந்தாலும், ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பார்க்கும் எதையும் நான் ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூங்குவார். அவரை எழுப்பி எங்கே கூப்பிடுவது? இப்போது எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஒவ்வொரு இடத்துக்கும் நானே முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவு செய்தேன்.

போர் அருங்காட்சியகத்துக்குத்தான் முதலில் போனேன். சுவர் முழுக்கப் புகைப்படங்கள். மேல்மாடியில் ஒரு அறையில் என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து, முற்றத்தில் நிறுத்தியிருந்த பழைய போர் விமானத்தின் நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மத்தியானம் மார்க்கெட்டுக்குப் போவதாக இருந்தேன், போகவில்லை. அப்போதே முடிவு செய்தேன், இதற்குப் பிறகு அந்த நாளில் எதையும் வைக்கக்கூடாது. ஒரு காபிக் கடையில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பேசத் தோன்றினால் பேசட்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கட்டும். இதை வைத்துத்தான் நான் திட்டம் போடவே கற்றுக்கொண்டேன். ஒரு இடத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பார்த்து முடித்தவர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் போய் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

குச்சி என்ற ஊருக்கு பஸ் மாறிப் போனேன். போர்க்காலத்தில் மண்ணுக்கடியில் தோண்டி வாழ்ந்த சுரங்கங்கள் அங்கே இருக்கின்றன. வழியெல்லாம் வயலும், மாடும், ரப்பர் மரங்களும். பஸ்ஸில் என்னைத் தவிர வெளியூர் ஆள் யாரும் இல்லை. சுரங்க வாசலில் வழிகாட்டிப் பையன் ஆங்கிலத்தில், "ஒருத்தர்தானா? கூட வந்தவங்க எங்கே?" என்று கேட்டான். "வருவாங்க" என்று சொல்லிவிட்டேன். அவன் பாவம், கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம்தான் அடுத்த மாதம் வருவார்கள் என்று விளக்கிச் சொன்னேன். ஒரு சுரங்கத்தில் குனிந்து உள்ளே போய்ப் பார்த்தேன். முழங்கால் தேய்ந்தவளால் முடியாது. மற்றவர்கள் இறங்குகிற நேரத்தில் அவளுக்கு உட்கார ஒரு இடம் வேண்டுமே என்று தேடி, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு தருகிற கொட்டகையில் ஒரு நல்ல பெஞ்சைக் கண்டுபிடித்தேன். கிழங்கை நிலக்கடலைப் பொடியில் தொட்டுத் தின்ன வேண்டும். அவளுக்குக் கிழங்கு பிடிக்கும். பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்போம்.

வுங் டாவுக்குப் படகில் போனேன். கடற்கரை ஊர். மலைமேல் பெரிய ஏசு சிலை, ஏறிப்போக ஏகப்பட்ட படிகள். அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, கடலை ஒட்டிப் போகும் சாலையில் மரத்தடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர்கள் தங்குவது மூன்றே நாள் என்று தெரிந்ததும் இந்த ஊரையும் அருங்காட்சியகத்தையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. டீச்சர் சைவம் என்பதால் அவளுக்கும் சாப்பாட்டுக்கு வழி பார்த்தேன். 'சாய்' என்று எழுதியிருந்தால் அது சைவக் கடை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அந்தக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மழைக்காலம் வேறு. மத்தியானத்துக்கு மேல் சொல்லிவைத்தாற்போல் கொட்டும். அதனால் வெளியே சுற்றுவதையெல்லாம் காலையில் வைத்தேன். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, வராவிட்டால் எங்கே நடப்பது என்று இரண்டு வழி எழுதினேன். தபால் நிலையத்துக்குள் மர பெஞ்சுகள் உண்டு, அங்கேயே மழையைக் கழித்துவிடலாம். பக்கத்திலேயே புத்தகக் கடைகள் நிறைந்த ஒரு சின்னத் தெரு. நகரத்தின் நடுவில் செட்டியார்கள் கட்டிய முருகன் கோயிலை முதல் நாள் காலையில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றும் எழுதாமல் விட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு. வண்டிக்கு, என் கணவரின் கம்பெனிக்கு ஓட்டுகிற டிரைவரிடம் ஏழு பேர் உட்காரும் வண்டியாகச் சொல்லிவைத்தேன்.

இவ்வளவையும் தட்டச்சு செய்து குழுவில் போட்டபோது எல்லோரும் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். மேனேஜர், "டிராவல்ஸ்காரன் தோத்தான் போ" என்று எழுதினாள். என் பெஞ்சுக்காரி மட்டும் எதுவும் எழுதவில்லை. அவள் எப்போதுமே குழுவில் எழுத மாட்டாள்.

அவர்கள் வந்த அன்று சாயங்காலம் விமான நிலையத்தில் வெகுநேரம் முன்னாலேயே போய் நின்றேன். வெளியே வந்ததும் ஒரே கூச்சல். கட்டிப்பிடித்தார்கள். "என்னடி இப்படி இளைச்சுட்ட!" என்றாள் டீச்சர். போட்டோ எடுத்தோம். பெஞ்சுக்காரி கைத்தடி வைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது மேனேஜரின் பெயரை எழுதிய அட்டையோடு ஒருவன் முன்னால் வந்தான்.

"வண்டி நாங்களே புக் பண்ணிட்டோம்டி. என் தங்கச்சி பையன் ஆன்லைன்ல பாத்துக் குடுத்தான். மூணு நாளும் இதே வண்டிதான். உன் டிரைவர்கிட்ட வேணாம்னு சொல்லிடு" என்றாள் மேனேஜர்.

சின்னக் கார். டிரைவரைத் தவிர நாலு பேர் உட்காரலாம். பெட்டிகளை அடுக்கி நாலு பேரும் ஏறிய பிறகு நான் கதவைப் பிடித்தபடி வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயோ, உனக்கு இடமில்லையே! நீ டாக்சி பிடிச்சு வந்துடு. ஹோட்டல்ல பாக்கலாம்" என்றாள்.

டாக்சியில் அவர்களுக்குப் பின்னாலேயே போனேன். ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அறைக்குப் போய்க் குளித்து உடை மாற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் மட்டும் இறங்கி வந்தாள்.

"எல்லாரும் படுத்துட்டாளுங்க. நாளைக்கு நீ போட்ட மாதிரியே கோயில்ல ஆரம்பிக்கிறோம்" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளைப்போல், "நாளைக்கு நீயும் வர்றியா? வண்டில கொஞ்சம் நெருக்கடியா இருக்கும். அதுவுமில்லாம உனக்கு எல்லாம் பாத்ததுதானே, போரடிக்குமே?" என்றாள்.

அவள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையிலேயே என் அலுப்பை நினைத்துத்தான் கேட்டாள்.

"ஆமாடி, பாத்ததுதான். நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார். "நான் போகலை" என்றேன். ஏன் என்று கேட்க வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்தார்.

மறுநாள் அவர்களோடு போகாமலே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஆனால் இப்போது கோயிலில் இருப்பார்கள், இப்போது கிளம்பியிருப்பார்கள், இப்போது ஆற்றங்கரையில் காற்று வாங்குவார்கள் என்று மனசு கூடவே போய்க்கொண்டிருந்தது. சரியாக நான் நினைத்த நேரத்துக்கு அந்தந்த இடத்திலிருந்து படங்கள் வந்தன. மத்தியானம் வானம் கறுத்தது. சன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். அவர்கள் இருக்கும் பக்கம் மழை இறங்கிவிட்டது. உடனே போன் ஒலித்தது.

"ஏய், மழைடி! எங்க போறது?" பின்னால் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"புத்தகக் கடைத் தெருவுலதானே நிக்கிறீங்க? அப்படியே ரோட்டைத் தாண்டினா தபால் ஆபீஸ். உள்ள போய் வலது பக்கம் பெஞ்ச் இருக்கு. அவளை அங்க உக்கார வைங்க. தரை வழுக்கும், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

சற்று நேரத்தில் அந்த பெஞ்சிலிருந்தே ஒரு படம் வந்தது. கீழே மேனேஜர் எழுதியிருந்தாள்: "சூப்பர் பிளான்டி! நீ கூடவே இருக்கிற மாதிரி இருக்கு."

அவள் மனதாரச் சொன்னதுதான். நான் அதற்கு ஒரு சிரிப்புப் படம் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பார்த்து எழுதியதால்தான் திட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது. கொஞ்சம் மோசமாகப் போட்டிருந்தால் ஒருவேளை என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். அப்படி நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாம் நாள் குச்சி. காலையில் சமையலை முடித்து உட்கார்ந்தபோது போன் வந்தது. பெஞ்சுக்காரி.

"நான் போகலடி. ஹோட்டல்லதான் இருக்கேன். வர்றியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவள் வரவேற்பறையில் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"வலி எப்பவும் இருக்கிறதுதான். அதுக்காக நிக்கல. அக்கா தங்கச்சி ரெண்டும் அவங்களுக்குள்ளயே பேசிக்கிறாங்க. டீச்சர் நாள் பூரா போன்ல பேத்தியைக் கொஞ்சிட்டிருக்கா. நான் கார்ல முன்னாடி உக்காந்து ரோட்டைப் பாத்துட்டு வரேன். என் பொண்ணுதான், மாறுதலா இருக்கும் போயிட்டு வாம்மான்னு தள்ளிவிட்டா." கைத்தடியை ஓரமாகச் சாத்திவிட்டு, "பிளான்ல அங்கங்க 'இங்கே உட்காரலாம்'னு போட்டிருந்தியே, எனக்காகவா போட்ட?" என்றாள்.

"வேற யாருக்கு?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அதை அவங்க படிக்கவே இல்லடி. நான்தான் ஒவ்வொரு இடத்துலயும் தேடிக் கண்டுபிடிச்சு உக்காந்தேன்."

எங்கேயும் சுற்ற வேண்டாம், உன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். டாக்சியில் கூட்டி வந்தேன். நாலு வருஷத்தில், ஊரிலிருந்து வந்து அந்த வீட்டுக்குள் கால் வைத்த முதல் விருந்தாளி அவள்தான். சன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தாள். "எவ்ளோ மோட்டார் சைக்கிள்!" என்றாள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

பள்ளிக்கூடக் கதைகள் பேசினோம். கணக்கு டீச்சர், சத்துணவுக் கூடம், வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் அவள் மயங்கி விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. அதற்கு அப்புறம் முப்பத்தைந்து வருஷம் இரண்டு பேரும் வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்திருக்கிறோம். அதை எங்கிருந்து தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை நாள் இவளுக்காகக் காத்திருந்தேன், பேச ஒன்றும் இல்லையே என்று.

அவள்தான் கேட்டாள். "எப்படிடி இங்க நாள் போகுது?"

"போகுது."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். "அவர் போனதுக்கு அப்புறம் வீட்ல டிவியைப் போட்டே வைக்கிறேன். பாக்கறதில்ல. சும்மா ஓடிட்டிருக்கும்."

நான் சொன்னேன், சாயங்காலம் என் முதல் வார்த்தை தொண்டையில் சிக்குவதை. யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஆமா, அப்படித்தான் ஆகும்" என்றாள். அது போதுமாக இருந்தது.

ரசமும் அப்பளமும் வெண்டைக்காய் வறுவலும்தான் சாப்பாடு. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம், "கொஞ்சம் படுத்துக்கவா?" என்று கேட்டாள். என் கட்டிலில் போய்ப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தேன், விழிக்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து லேசாகக் குறட்டைச் சத்தம் வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாரநாள் பகலில் அந்த வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. புத்தகம் ஒன்றை எடுத்தேன், படிக்கவில்லை. எழுந்து பாத்திரம் கழுவலாம், ஆனால் சத்தம் கேட்டு எழுந்துவிடுவாளே என்று அப்படியே இருந்தேன். அந்த மூன்று நாட்களில் எனக்குக் கிடைத்தது அந்த மத்தியானம்தான்.

சாயங்காலம் அவளைக் கொண்டுபோய் விட்டபோது மற்றவர்கள் குச்சியிலிருந்து திரும்பியிருந்தார்கள். மண்ணும் வியர்வையுமாக உற்சாகமாக இருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு பிரமாதம் என்றாள் மேனேஜரின் தங்கை. "நாளைக்கு உன் வீட்டுச் சாப்பாடு! வந்துடுவோம்" என்றாள் டீச்சர்.

மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே எழுந்து சமைத்தேன். டீச்சருக்காக எல்லாமே சைவம். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு, சேப்பங்கிழங்கு வறுவல், பருப்பு உருண்டை, பால் பாயசம். கத்தரிக்காய் இங்கே நீளநீளமாகத்தான் கிடைக்கும். சின்னதாக வேண்டும் என்று மூன்று மார்க்கெட் அலைந்து வாங்கியிருந்தேன். காலையில் மார்க்கெட் முடித்து வருவதாகத் திட்டம். பதினோரு மணிக்கு மேல் செய்தி வந்தது. மார்க்கெட்டிலேயே நேரமாகிவிட்டது, இன்னும் புடவைத் துணிக் கடை பாக்கி இருக்கிறது, அங்கேயே ஏதாவது சாப்பிட்டுக்கொள்கிறோம், சாயங்காலம் விமானம், கோபித்துக்கொள்ளாதே, அடுத்த தடவை கட்டாயம்.

பெஞ்சுக்காரி தனியாக எனக்கு எழுதியிருந்தாள். "சொல்லிப் பாத்தேன்டி. கேக்கல. வண்டி அவங்களோடது."

அடுப்பங்கரையில் நின்று அத்தனை பாத்திரத்தையும் பார்த்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் வந்தது. நின்றபடியே கொஞ்சம் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக அமைந்திருந்தது. பிறகு ஒரு பாத்திரத்தில் பாயசத்தையும், இன்னொன்றில் வறுவலையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். லிப்டில் பார்த்துத் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். கதவைத் திறந்தவர் என்னையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பாடு, நிறைய, தோழிகள், வரவில்லை என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளை அடுக்கினேன். என்ன புரிந்துகொண்டாரோ, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் நான் வெளியே போய்த் திரும்பியபோது, கழுவிய பாத்திரங்கள் ஒரு பையில் போட்டு எங்கள் கதவுப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு கொத்து ரம்பூட்டான் பழம் இருந்தது. போய் மணியடித்தேன். ஆள் இல்லை.

தோழிகள் கிளம்பிய சாயங்காலம் வழியனுப்ப விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. கணவரிடம் தலைவலி என்றேன். அவர் அன்று சீக்கிரமே வந்துவிட்டிருந்தார், எப்படி அனுமதி வாங்கினாரோ. நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். "சின்னக் கத்தரிக்கா இந்த ஊர்லயா கிடைச்சுது?" என்று ஆச்சரியப்பட்டார். எங்கே கிடைத்தது என்று விவரமாகச் சொன்னேன்.

அவர்கள் வருவதற்கு முன்னால் எனக்கு இந்த ஊர் வெறும் ஊராகத்தான் இருந்தது. அதில் நான் தனியாக இருந்தேன், அதுகூடப் பழகியிருந்தது. அவர்கள் போன பிறகு தபால் நிலையம் பக்கம் போனால் அவர்கள் உட்கார்ந்த பெஞ்ச் கண்ணில் பட்டது. ஆற்றங்கரைக்குப் போனால் அவர்கள் சிரித்துக்கொண்டு நின்ற படம் ஞாபகம் வந்தது. நான் உடன் இல்லாத நினைவுகள் எனக்கு வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நாள் மார்க்கெட்டைத் தவிர வேறெங்கும் போகாமல் இருந்தேன்.

மேனேஜர் என் திட்டத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். அதில் அவளுக்குப் பெருமை. அதனால் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "மேடம், சைகோன் பிளான் நீங்கதான் போட்டுத் தருவீங்களாமே?" என்பார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு போட்டுக் கொடுத்தேன், இப்போதும் போட்டுக் கொடுக்கிறேன். எத்தனை நாள், எத்தனை இடம் என்பதை அப்புறம்தான் கேட்பேன். உங்களில் முதலில் களைத்துப்போகிறவர் யார், காரில் முன்னால் தனியாக உட்காரப்போகிறவர் யார் என்று முதலில் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் யோசித்து, "எங்க மாமியார்" என்றோ, "சின்னவன்" என்றோ சொல்வார்கள். அந்த ஒருவரை நினைத்துத்தான் முழுத் திட்டத்தையும் போடுவேன். மத்தியானத்தை வெறுமையாக விடுவேன். வந்து போனவர்கள் நன்றி சொல்லிப் படம் அனுப்புவார்கள். யாரையும் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று நானும் கேட்டதில்லை.

பெஞ்சுக்காரி சில மத்தியானங்களில் கூப்பிடுவாள். பெரிதாக எதுவும் பேச மாட்டோம். என்ன குழம்பு, மழையா என்று கேட்டுக்கொள்வோம். சில சமயம் பேச்சு நின்றுபோகும், இருவருமே வைக்க மாட்டோம். அவள் வீட்டு டிவி ஓடுவது எனக்குக் கேட்கும். போன வருஷம் இரண்டு முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தது. நடக்கத் தொடங்கியதும் ஒரு மாதம் வந்து தங்குவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் மகள் அவளைத் தன்னோடு பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். இப்போது பேரனைப் பள்ளிக்கு அனுப்புவதும் கூட்டி வருவதும் அவள் பொறுப்பு.

"லீவு விட்டதும் வரேன்டி" என்றாள் போன தடவை.

"வா" என்றேன். அவளுக்காக எந்தத் திட்டமும் போட்டு வைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வசதியாக ஒரு நாற்காலி மட்டும் வாங்கிப் போட்டிருக்கிறேன். என் கணவர் அதில் சட்டையைத் தொங்கவிடுகிறார்.